விழுங்காமல் வைத்த குளிசைகள்: வன்னிக் கிராமம் ஒன்றில் எலிக்காய்ச்சல் தடுப்பும் ஒரு குரல்பதிவும்

2024 டிசெம்பருக்கும் அடுத்த மாசி அறுவடைக்கும் இடையில் முல்லைத்தீவு மாவட்டத்தின் வயல் கிராமம் ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பாகக் கொடுத்த குளிசைகளைச் சனம் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனது. ஆனால் விழுங்கவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சுகாதாரப் பிரிவோடு சுகாதாரக் கல்வி வேலையில் நானும் இருந்தேன். கிராமத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். யார் என்று கண்டுபிடிக்கக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் கிராமம் இது. காலபோகம்தான் பெரிய விளைச்சல். குளத்தில் தண்ணீர் மிஞ்சினால் ஒரு பகுதியில் சிறுபோகம் செய்வார்கள். 2009 இல் எல்லாரும் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, பிறகு திரும்பி வந்து காணி துப்புரவாக்கிக் குடியேறியவர்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். மாடும் எருமையும் வரம்புகளில் திரியும். நெல் மூட்டை அடுக்கிய அறைகளில் எலிக்குக் குறைவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையில் வடக்கில் குளங்கள் வான்பாய்ந்தன, வயல்கள் மூழ்கின. வெள்ளம் வடியத் தொடங்கியதும் கமக்காரர்கள் வாய்க்காலில் அடைபட்ட சகதியை அள்ளவும், உடைந்த வரம்பைக் கட்டவும், எஞ்சிய பயிரைப் பார்க்கவும் வெறுங்காலோடு இறங்கினார்கள். எலிக்காய்ச்சல் பரவ இதைவிட வாய்ப்பான நேரம் இல்லை. லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா எலியின் சிறுநீரில் இருக்கிறது. மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இருக்கலாம். அது தேங்கிய தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள கீறல் வழியாகவும், தண்ணீரில் ஊறி இளகிய தோல் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்று தொடங்கும். சிலருக்கு ஈரலும் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

டிசெம்பர் முதற்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தார்கள். அது எலிக்காய்ச்சல் என்று தெரியவருவதற்கு முன்பே செய்தித் தளங்களிலும் முகநூலிலும் "மர்மக் காய்ச்சல்" என்று ஓடத் தொடங்கிவிட்டது. காரணம் தெரிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எங்கள் கிராமத்துக்கு எலிக்காய்ச்சல் பற்றிய முதல் தகவல் சுகாதாரத் துறை வழியாக வரவில்லை, இந்தப் பயத்தின் வழியாகத்தான் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பிறகு நடந்தவற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் விநியோகம்

எலிக்காய்ச்சல் ஆபத்து அதிகமான வேலை செய்வோருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் கொடுப்பது இலங்கையில் புது விஷயம் அல்ல. இரத்தினபுரி, களுத்துறை போன்ற மாவட்டங்களின் கமக்காரர்களுக்கு இது பழகியது. எங்கள் பிரிவில் அந்த அளவில் அதுவரை செய்யவில்லை.

கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பேசினார். கிருமி, எலி, சிறுநீர், தேங்கிய நீர் என்று நோயைப் பற்றி நன்றாகத்தான் விளக்கினார். பெயர் பதிந்து, ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, அட்டையும் ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்தார். கேள்வி கேட்க நேரம் விட்டார். ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். விநியோகப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அது வெற்றிகரமான நாள்.

துண்டுப்பிரசுரத்தில் மூன்று விஷயங்கள் தடித்த எழுத்தில் இருந்தன. வயலில் இறங்குவோர் பாதணியும் கையுறையும் அணிய வேண்டும். வாரம் ஒருமுறை இரண்டு குளிசைகளை ஒன்றாக எடுக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மார், பாலூட்டும் தாய்மார், 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பாவிக்கக் கூடாது. மூன்றும் மருத்துவ ரீதியில் சரி. ஆனால் முதலாவதைச் சேற்று வயலில் செய்ய முடியாது. முழங்கால் சப்பாத்தோடு உழுத சேற்றில் நாலடி நடந்தவருக்குத் தெரியும், கால் மட்டும் வெளியே வரும், சப்பாத்து உள்ளே நிற்கும். இரண்டாவதில் எப்படி எடுப்பது என்று இல்லை. மூன்றாவதில் ஏன் என்று இல்லை.

என்ன கண்டோம்

குளிசைகள் விழுங்கப்படவில்லை என்பதை முதலில் கண்டவர், தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில், சுவரில் இருந்த சாமிப் படத்துக்குப் பின்னால் அட்டை செருகியிருந்தது. வெள்ளித் தாள் ஒரு இடத்திலும் கிழியவில்லை. இரண்டு கிழமை தாண்டியிருந்தது. "அண்ணை குளிசை போடேல்லையோ?" என்று கேட்டதற்கு அந்தப் பெண், "எடுத்துத்தான் வச்சிருக்கிறார் மிஸ்" என்றார். பொய்யும் சொல்லவில்லை, பதிலும் சொல்லவில்லை.

குடும்பநல உத்தியோகத்தர் அதோடு விடவில்லை. அந்தக் கிழமை போன மற்ற வீடுகளிலும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தார். பெரும்பாலான வீடுகளில் அதே கதை. சில அட்டைகள் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், சில அலுமாரிக்கு மேல். ஓரிரு வீட்டில் எறிந்துவிட்டார்கள். ஆண்களிடம் நேரே கேட்டபோது "மறந்துபோனன்" என்பதே பதில். பெண்களிடம் இருந்துதான் காரணம் வந்தது. "அது பிள்ளை பிறக்காமல் பண்ணுற குளிசையாம்."

அதற்குப் பிறகுதான் குரல்பதிவு எங்கள் கைக்கு வந்தது. ஒரு ஆண் குரல், எங்கள் பக்கப் பேச்சு. "உந்தக் குளிசையை ஒருத்தரும் போடாதேங்கோ" என்று தொடங்கியது. தமிழ் ஆட்களின் இடத்தில் மட்டும்தான் கொடுக்கிறார்களாம். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை எலிக்காய்ச்சல் என்று சொல்லித் தருகிறார்களாம். போட்ட ஒருவர் இரத்தமாகச் சத்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். கடைசியில் வந்த வசனம்தான் அதற்கு வலு கொடுத்தது: "நம்பேல்லை எண்டால் அவை தந்த நோட்டீசையே வாசியுங்கோ, கர்ப்பிணி போடக்கூடாது எண்டு அதிலயே கிடக்குது."

சனம் வாசித்தது. அப்படித்தான் இருந்தது.

சொல்லைக் கேட்டு நம்பிவிட்டார்கள், அறியாமை என்று இதை ஒதுக்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், பெண்களின் சம்மதத்தைச் சரியாகப் பெறாமல் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. வன்னிப் பெண்கள் அதை மறக்கவில்லை. இன்னொரு பக்கம், இந்த நாட்டில் கருத்தடைக் குளிசைக் கதை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், உணவகம் ஒன்று சாப்பாட்டில் மலட்டுக் குளிசை கலந்தது என்ற புரளியில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது மாக்கட்டி. புரளி பொய்தான். ஆனால் கிளிநொச்சிப் பெண்கள் வைத்திருந்த நினைவைப் புரளி என்று தள்ள முடியாது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் நாங்கள் பேசுவதை யாரும் கேட்க மாட்டார்கள்.

கதை எங்கிருந்து வந்தது

சத்தி எடுத்தவர் உண்மையிலேயே இருந்தார். முப்பதுகளில் உள்ள கமக்காரர். பரிசோதகரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். முதலில் தயங்கினார், தன்னை விசாரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். தேத்தண்ணி வந்த பிறகு சொன்னார். வாய்க்கால் வேலை முடித்து இரவு களைத்து வந்து, சாப்பிடாமல், இரண்டு குளிசையையும் ஒரு மிடறு தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு உடனே படுத்திருக்கிறார். நெஞ்சு எரிந்து, இரண்டு தரம் சத்தி. அடுத்த நாள் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இரத்தம் இல்லை, ஆஸ்பத்திரியில் மறிக்கவும் இல்லை.

டொக்சிசைக்ளினை இப்படி எடுத்தால் இப்படித்தான் வரும். குளிசை உணவுக்குழாயில் ஒட்டி அங்கே புண்ணாக்கும். அதனால் சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு, இருந்தபடியோ நின்றபடியோ எடுத்து, அதன் பிறகு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். பாலோ இரும்புச் சத்துக் குளிசையோ கூடவே எடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. வெயில் படும் இடத்தில் சிலருக்குத் தோல் எரிந்து சிவக்கும், அதனால் நீளக் கைச் சட்டையும் தொப்பியும் நல்லது. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். கிராமத்துக்குச் சொல்லப்படவில்லை.

அவருடைய மனைவி அயல் வீட்டில் சொன்னது, கடையடியில் பெருத்தது. ஒரு உள்ளூர்ச் செய்தித் தளம் "எலிக்காய்ச்சல் குளிசை விழுங்கிய விவசாயிக்கு நேர்ந்த கதி" என்ற மாதிரித் தலைப்புப் போட்டது. அது பாரிசுக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய், ஊர்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் விழுந்தது. அங்கிருந்து திரும்பி வந்தபோது அதற்கு இன்னொரு எடை இருந்தது. "கனடாவில இருந்து அண்ணை எடுத்து, போடவேண்டாம் எண்டு சொன்னவர்" என்று பல வீடுகளில் கேட்டோம். வீடு கட்டவும் பிள்ளை படிக்கவும் காசு அனுப்புகிறவர், இரவிரவாக யோசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்துச் சொன்னால், அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. அவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தன் தம்பிக்கு ஒன்று வந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சுகாதார வைத்திய அதிகாரியின் அறையில் நடந்த கூட்டத்தில் முதலில் வந்த யோசனைகள் இரண்டு. குரல்பதிவு பற்றிப் பொலிசில் முறையிடுவது ஒன்று. "மலட்டுத்தன்மை ஏற்படும் என்ற வதந்தியை நம்பாதீர்கள்" என்று முகநூலிலும் ஒலிபெருக்கியிலும் அறிவிப்பது மற்றது. நீண்ட நேரம் பேசி இரண்டையும் விட்டோம்.

பொலிஸ் வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது. குளிசை போடச் சொல்லிவிட்டு, போடாதே என்று சொன்னவரைப் பிடித்துக்கொண்டு போனால், வன்னியில் அதற்கு ஒரே பொருள்தான். விநியோகத்துக்கு ஆள் தருவதாகப் படையினர் தரப்பில் இருந்து வந்த உதவியையும் இதே காரணத்துக்காக நன்றி சொல்லி மறுத்தோம். வெள்ள நேரத்தில் அவர்கள் சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்தது வேறு. வாயில் போடும் மருந்து வேறு.

ஒலிபெருக்கி வேண்டாம் என்றதில் கருத்து வேறுபாடு இருந்தது. குரல்பதிவு எல்லா வீட்டையும் எட்டவில்லை. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மலட்டுத்தன்மை என்ற சொல்லைக் கத்தினால், அதைக் கேட்டிராத வயதான ஆட்களுக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தது மாதிரி ஆகும். அதனால் எல்லாருக்கும் போகும் செய்தியில் அந்தச் சொல் வரக் கூடாது, கேட்கிறவருக்கு மட்டும் நேரே, முழுதாக, மழுப்பாமல் பதில் சொல்வது என்று முடிவெடுத்தோம்.

எல்லாருக்கும் போகும் செய்தியை அடியில் இருந்து மாற்றி எழுதினோம். நோயைப் பற்றி நீளமாகச் சொல்வதை விட்டு, "இந்தக் குளிசை என் உடம்பில் என்ன செய்யும்?" என்ற கேள்விக்குப் பதிலாக எழுதினோம். சனத்தின் மனதில் இருந்தது அந்தக் கேள்விதான். புதுத் துண்டின் முதல் வரிகள் இவை:

"சோறு சாப்பிட்ட பிறகு இரண்டு குளிசையையும் ஒரு செம்புத் தண்ணீரோடு விழுங்குங்கள். உடனே படுக்க வேண்டாம். வெறும் வயிற்றில் போட்டால் நெஞ்செரிவும் சத்தியும் வரலாம். சிலருக்கு வெயிலில் தோல் எரியும். இவை வந்தால் எங்களிடம் சொல்லுங்கள்."

பக்கவிளைவை முதல் வரியில் போடுவது விநியோகத்தைக் குறைக்கும் என்று ஒரு வைத்தியர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஆனால் சத்தி எடுத்தவரை ஊரே அறிந்திருந்தது. நடந்ததை நாங்கள் சொல்லாவிட்டால், அதை மறைக்கிறோம் என்றுதான் ஆகும்.

கர்ப்பிணிகள் பற்றிய வரிதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. அதை எடுக்க முடியாது, அது பாதுகாப்பு எச்சரிக்கை. விட்டால் குரல்பதிவுக்குச் சான்றாக நிற்கும். கடைசியில் காரணத்தைச் சேர்த்தோம். டொக்சிசைக்ளின் ரெட்ராசைக்ளின் வகை மருந்து. இந்த வகை மருந்து வளரும் பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் படிந்து, பல்லை நிறம் மாற்றக்கூடியது. வயிற்றில் உள்ள பிள்ளைக்கும், பால் குடிக்கும் பிள்ளைக்கும், பல் முளைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் தவிர்ப்பது அதனால்தான். "கர்ப்பிணி" என்று தனியாக நின்ற சொல் "வளரும் பிள்ளையின் பல்" என்று மாறியதும் பேச்சின் திசையே மாறியது. குடும்பநல உத்தியோகத்தர் சொன்ன ஒரு சம்பவம்: ஒரு தாய் தன் ஐந்து வயது மகனின் வாயைத் திறந்து பல்லைக் காட்டி, "அப்ப இவனுக்கும் குடுக்கக்கூடாதோ, பல்லுக்காகவோ?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது என்பது அதே பழைய துண்டில் அதே வரியில் இருந்தது. ஆனால் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் காரணம் ஒன்று என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வயலுக்குப் போகும் கர்ப்பிணிகள் அப்படியானால் என்ன செய்வது என்ற கேள்வியும் உடனே வந்தது. தேங்கிய தண்ணீரில் இறங்கும் வேலையை வீட்டில் மற்றவர் செய்யட்டும், காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலை, அங்கே அவர்களுக்கு ஏற்ற வேறு மருந்து இருக்கிறது என்று சொன்னோம்.

குளிசையைப் பெரிதாக்கிச் சொல்வதில்லை என்பதும் ஒரு முடிவு. 1984 இல் வெளியான, பனாமாவில் பயிற்சி செய்த அமெரிக்கப் படையினரிடம் நடத்திய ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் மிக நன்றாகத் தடுத்தது. அந்தமானில் செய்து 2000 இல் வெளியான ஆய்விலோ அது தொற்றைத் தடுக்கவில்லை, நோயாகி விழுவதையும் இறப்பையும் குறைத்தது. எனவே "போட்டால் வராது" என்று எங்கும் எழுதவில்லை. "வந்தாலும் கடுமையாகாமல் காக்க உதவும். போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்கு வாருங்கள், வயலில் இறங்கினேன் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்" என்று எழுதினோம். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றும் இந்த வேலையின் மிக முக்கியமான வாக்கியமாக நினைக்கிறேன். எலிக்காய்ச்சலும் டெங்குவும் முதல் நாளில் ஒரே மாதிரி இருக்கும். வயல் என்ற ஒரு சொல் வைத்தியரின் யோசனையை மாற்றும்.

சப்பாத்துப் பேச்சை வாய்க்கால் துப்புரவுக்கும் பட்டி வேலைக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். வயலுக்கு, காலில் புண் இருந்தால் தண்ணீர் புகாமல் மூடிக் கட்டுவது, ஏறியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவாமல் இருப்பது என்று செய்யக்கூடியதை மட்டும் சொன்னோம்.

யார் சொல்வது

சத்தி எடுத்தவரிடம், உங்கள் வாயால் சொல்ல விருப்பமா என்று கேட்டோம். ஒரு கிழமை யோசித்தார். அதற்குள் சாப்பிட்ட பிறகு தண்ணீரோடு குளிசை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை. பிறகு தானே தொலைபேசியில் பதிந்து அனுப்பினார். நாங்கள் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

"நான்தான் அந்தச் சத்தி எடுத்த ஆள். என்னை ஆஸ்பத்திரியில மறிக்கேல்லை. இரவு சாப்பிடாமல் ஒரு மிடறு தேத்தண்ணியோட போட்டிட்டுப் படுத்தனான், நெஞ்சு எரிஞ்சு சத்தி வந்தது. போன கிழமை சோறு சாப்பிட்டிட்டு, செம்பு நிறையத் தண்ணி குடிச்சுப் போட்டனான். ஒண்டும் செய்யேல்லை. போடுறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனா என்ர பேரைச் சொல்லிப் போடவேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ."

கமக்காரர் அமைப்பின் குழுவில் போட்டோம். அன்றிரவே அது பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்விட்டது.

வெளிநாட்டு உறவுகளுக்குத் தனி வழி வேண்டியிருந்தது. ஊர்ச் சங்கத்தின் குழுவில், இந்த ஊரில் பிறந்து லண்டனில் தாதியாக வேலை செய்யும் பெண் ஒருவர் இருந்தார். அவரோடும் வைத்திய அதிகாரியோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டம் வைத்தோம். 1967 இல் இருந்தே பாவனையில் உள்ள மருந்து இது, ஆபிரிக்கா போகும் பயணிகள் மலேரியாத் தடுப்பாக நாளுக்கு 100 மில்லிகிராம் எடுக்கிறார்கள், முகப்பருவுக்கு இளம் ஆட்கள் மாதக்கணக்கில் எடுக்கிறார்கள் என்று தாதி சொன்னார். தன் மகனுக்கே முகப்பருவுக்கு இதைத்தான் தந்தார்கள் என்று கனடாவில் இருந்து ஒருவர் அப்போதுதான் கவனித்துச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் ஊருக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த வேலையை நாங்கள் செய்திருக்க முடியாது.

செய்தித் தளத்துக்கு எழுதிய பிராந்தியச் செய்தியாளரிடம் செய்தியை நீக்கச் சொல்லவில்லை. கமக்காரரின் சம்மதத்தோடு அவரைச் சந்திக்க வைத்தோம். தொடர்ச்சியாக ஒரு செய்தி வந்தது. முதலாவது அளவுக்கு அது பகிரப்படவில்லை, ஆனால் தேடுகிறவர் கண்ணில் இரண்டும் பட்டன.

பெண்களிடம் மலட்டுத்தன்மை பற்றிய கேள்விக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் பதில் சொன்னார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருத்தி நேரே கேட்டார்: "2013 இல நடந்தது பொய்யோ மிஸ்?" அதற்கு என்ன சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அப்படியொரு முறைப்பாடு எழுந்ததை மறுக்கவில்லை, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் தரமாட்டோம், குளிசைப் பெயரை அட்டையில் வாசியுங்கள், விரும்பினால் உங்களுக்குத் தெரிந்த எந்த மருந்துக்கடையிலும் காட்டிக் கேளுங்கள் என்று அவர் சொன்னார். சிலர் உண்மையிலேயே மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டார்கள். அது நல்லதாகவே முடிந்தது.

அதே கூட்டத்தில் ஒரு மூதாட்டி மலேரியாக் காலத்தை எடுத்தார். குளோரோகுயின் கசப்பை விழுங்கிப் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். அந்தக் குளிசைக்கும் அந்த நேரம் ஆயிரம் கதை சொன்னார்கள் என்றார். 2012 ஒக்ரோபருக்குப் பிறகு இலங்கையில் உள்ளூர் மலேரியா இல்லை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. இந்த விவரங்களை நாங்கள் சேர்த்தோம். ஆனால் கூட்டத்தை அசைத்தது மூதாட்டியின் பேச்சுத்தான்.

பிறகு நடந்தது

அடுத்த விநியோகத்தைக் கூட்டத்தில் வைக்காமல், வயல் வேலை நடக்கும் நாட்களில் காலைச் சாப்பாடு முடிகிற நேரத்தில் வரம்படியில் வைத்தோம். சாப்பிட்டிருப்பார்கள், தண்ணீர் இருக்கும், உடனே படுக்க மாட்டார்கள். வேண்டாம் என்றவரிடம் ஒரு தரத்துக்கு மேல் கேட்பதில்லை என்று பரிசோதகர் கண்டிப்பாக இருந்தார். பலர் அங்கேயே விழுங்கினார்கள். சிலர் கடைசி வரை எடுக்கவில்லை.

தை கடைசியில் ஒருவர் கடுமையாக நோயுற்றார். நாற்பதுகளில் உள்ளவர். காய்ச்சலுக்குக் கடையில் பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு நாள் வீட்டில் இருந்திருக்கிறார். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, இரத்தச் சுத்திகரிப்புச் செய்து, உயிர் தப்பினார். குளிசையால்தான் இப்படி ஆனது என்று கதை மறுபடி கிளம்பியது. அவர் ஒரு குளிசையும் எடுத்திருக்கவில்லை, பிரிக்காத அட்டையை மனைவியே குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டினார்.

அந்த அட்டையைப் படமெடுத்துப் போட்டால் கதை அன்றே அடங்கும் என்று எங்களில் சிலர் நினைத்தார்கள். போடவில்லை. எழும்ப முடியாமல் கிடக்கிற மனிதனை ஊருக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்துவது சுகாதாரக் கல்வி அல்ல. காய்ச்சல் வந்ததும் வாருங்கள் என்ற செய்தியை மட்டும் கோயில் ஒலிபெருக்கியிலும் ஞாயிறு பூசை அறிவித்தலிலும் மறுபடி சொன்னோம். ஒரு கிழமை கழித்து அவருடைய மனைவி தானாகவே கோயிலடியில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது பிறகுதான் தெரியவந்தது.

அறுவடைக் காலத்தில் வெளியிடத்தில் இருந்து மெசினோடு வந்த ஓட்டுநர்கள் தங்கள் ஊரிலும் இதே குளிசை தருகிறார்கள் என்று சொன்னார்கள். "தமிழ் ஆட்களுக்கு மட்டும்" என்ற பேச்சு அதோடு குறைந்தது.

காய்ச்சலோடு வந்தவர்கள், முன்பைவிட நேரத்தோடு வந்தார்கள் என்பதும், வயலுக்குப் போனதைத் தாங்களே சொன்னார்கள் என்பதும் வெளிநோயாளர் பிரிவு ஊழியர்கள் கவனித்தவை. சந்தேகம் என்றவுடன், தொற்றுநோயைச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கும் எச் 544 படிவமும் தாமதமின்றிப் போனது. அந்தப் போகத்தில் கிராமத்தில் எலிக்காய்ச்சலால் யாரும் இறக்கவில்லை. இதை எங்கள் தொடர்பாடலின் பலன் என்று எழுத மாட்டேன். தண்ணீரும் வடிந்தது, வயலும் காய்ந்தது, வேலையும் குறைந்தது. குளிசை எவ்வளவு, நேரத்தோடு வந்தது எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அடுத்த முறைக்கு

துண்டுப்பிரசுரத்தை அச்சிடுவதற்கு முன் இரண்டு கமக்காரர்களுக்கும் இரண்டு தாய்மாருக்கும் வாசித்துக் காட்டி, "இதைக் கேட்டால் என்ன நினைப்பீர்கள்?" என்று கேட்பது இப்போது எங்கள் பிரிவில் வழக்கமாகியிருக்கிறது. காரணம் இல்லாத தடை எதுவும் துண்டில் வரக் கூடாது. "கூடாது" என்று எழுதினால் பக்கத்திலேயே "ஏனெனில்" இருக்க வேண்டும்.

கூட்டத்தில் கேள்வி வரவில்லை என்றால் விளங்கிவிட்டது என்று எடுக்கக் கூடாது. ஆண்களும் அதிகாரிகளும் நிறைந்த கூட்டத்தில் பிள்ளைப்பேறு பற்றி எந்தக் கமக்காரரும் கேட்க மாட்டார். அந்தக் கேள்வி வருகிற இடம் வீடு, கிணற்றடி, சிகிச்சை நிலையத்தின் வரிசை. முதல் விநியோகத்துக்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தரைச் சேர்த்திருந்தால் இரண்டு கிழமை மிஞ்சியிருக்கும்.

விநியோகக் கணக்கோடு விழுங்கிய கணக்கும் வேண்டும். அடுத்த கிழமை வெற்று அட்டையைக் கொண்டுவரச் சொல்வது ஒரு வழி. ஆனால் அது சனத்தைச் சோதிப்பது மாதிரித் தோன்றும் என்று குடும்பநல உத்தியோகத்தர் எதிர்க்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஊர்ச் சங்கங்களின் தொடர்பு விவரங்களைக் காலபோகம் தொடங்க முன்பே எடுத்து வைக்கிறோம். புரட்டாசி பிறந்ததும், விதைப்புக்கு முன், புதுத் துண்டும் சத்தி எடுத்த கமக்காரரின் பதிவும் முதலில் வெளிநாட்டுக் குழுக்களுக்குப் போகும், அதன் பிறகுதான் கிராமத்துக்கு. பதிவை மறுபடி பாவிக்கலாமா என்று அவரிடம் கேட்டோம். புதிதாக ஒன்று பேசித் தருகிறேன், பழையதில் மாடு கத்துகிற சத்தம் கூட என்றார்.